பஸ் நம்பரில் முளைத்த மலை

கொடைக்கானலில் பிறந்தவர்களுக்கு வியூ கிடையாது. அதெல்லாம் டிக்கெட் எடுத்து மேலே வருகிறவர்களுக்கு. நாங்கள் பார்ப்பது அவர்களுடைய முதுகைத்தான். இப்படிச் சொன்னது நானில்லை, அருள்மேரி. செண்பகனூரில் பிறந்து அங்கேயே வளர்ந்த அவள், முப்பது வயது தாண்டியும் தூண் பாறையைக் கேலண்டரில் மட்டும்தான் பார்த்திருந்தாள்.

"போகாம இருப்பேனா லீலாக்கா? ரெண்டு தடவ போயிருக்கேன். ரெண்டு தடவையும் மஞ்சு மூடிருச்சு. உள்ள பாறை இருக்குன்னாங்க. நானும் சரின்னுட்டு வந்துட்டேன்" என்பாள்.

நானும் அவளும் ஒரே ஆபீசில் வேலை பார்த்தோம். பள்ளிக்கூடத்தின் பெயர் மிஸ்டி பைன்ஸ் ரெசிடென்ஷியல் ஸ்கூல். பெயரைக் கேட்டு யாரோ துரை கட்டியது என்று நினைத்துவிடாதீர்கள். கட்டியவர் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த திருமலைச்சாமி. வாழைப்பழத்தில் சம்பாதித்ததை இங்கிலீஷில் போட்டிருந்தார். சனிக்கிழமைதோறும் காரில் மேலே வருவார். வந்ததும் கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஏன் இப்படிக் குளிருது?" என்று எங்களைக் கேட்பார். நாங்கள்தான் ஜன்னலைத் திறந்து குளிரை உள்ளே விட்டோம் என்பதுபோல ஒரு முறைப்பு வேறு. எல்லோரும் அவரைக் கரஸ்பாண்டன்ட் என்போம். எனக்கு ஹாஸ்டல் மெஸ் கணக்கு, அருள்மேரிக்கு டைப்பிஸ்ட் வேலை.

அவளுடைய அப்பா சாமியார்கள் மடத்துச் சமையலறையில் காய் நறுக்கியவர். அவர் போன பிறகு வீட்டில் அம்மா கித்தேரியம்மாள், டாக்ஸி ஓட்டும் தம்பி உபகாரம், இவள். எழுபத்தைந்திலோ ஆறிலோ பஜாரில் டைப்ரைட்டிங் படித்து, ஹையர் பாஸ் பண்ணி, எழுபத்தொன்பதில் எங்கள் ஆபீசுக்கு வந்தாள். அவளைப் பெண் பார்க்க வந்த முதல் மாப்பிள்ளை மதுரையில் ஏதோ கம்பெனியில் டைப்பிஸ்ட். காபி கொண்டு வைத்துவிட்டு, "உங்க ஸ்பீடு எவ்வளவுங்க?" என்று கேட்டாள். அவர் சொன்ன ஸ்பீடு இவளுடையதைவிடக் குறைவு. அதோடு எழுந்து உள்ளே போய்விட்டாள். கித்தேரியம்மாள் அதற்கப்புறம் எந்த மாப்பிள்ளையையும் டைப்ரைட்டர் இருக்கும் ஆபீசிலிருந்து கூட்டி வரவில்லை. மற்ற ஆபீஸ்களிலிருந்து வந்தவர்களுக்கும் அருள்மேரியிடம் ஏதாவதொரு கேள்வி இருந்தது.

அவளுடைய வாழ்க்கையில் இரண்டு எரிச்சல்கள். ஒன்று, அவள் மேசைக்கு எதிரே இருந்த ஜன்னல். கொடைக்கானலில் இருந்த அத்தனை மலைகளையும் விட்டுவிட்டு அது பள்ளிக்கூடத்தின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொன்று, காலையில் செண்பகனூர் வழியாக வரும் ஒரு டவுன் பஸ். ஆள் ஏற்கனவே நிரம்பி வழிவதால் அது ஸ்டாப்பில் நிற்காது. அருள்மேரி கையை நீட்டுவாள், டிரைவர் வேறு பக்கம் பார்ப்பார். அந்த பஸ்ஸின் நம்பர் அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். புகார் எழுதி எழுதி மனப்பாடம் ஆன நம்பர் அது. புகாருக்குப் பதில் மட்டும் வந்ததே இல்லை.

எண்பத்தேழு ஜூனில் அமெரிக்காவில் இருந்த ஒரு தமிழ் டாக்டர், பையனுக்கு நம் ஊர்ப் பண்பாடு தெரிய வேண்டும் என்று எங்கள் ஹாஸ்டலில் கொண்டு வந்து விட்டார். டொனேஷனுக்குப் பதிலாகக் கலர் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்தார். பையன் நம் பண்பாட்டை ஒரு டெர்ம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு விமானம் ஏறிவிட்டான். சாம்பாரை வைத்து யாரும் என்னைக் குற்றம் சொல்லக் கூடாது. எனக்குக் கணக்கு மட்டும்தான். கம்ப்யூட்டர் இங்கேயே தங்கிவிட்டது. அமெரிக்கக் கரண்டில் ஓடுகிற சாமான் என்பதால், நம் கரண்டைப் பாதியாக்கிக் கொடுக்க ஒரு இரும்புப் பெட்டியும் கூடவே இருந்தது. அது எந்நேரமும் உர்ரென்று உறுமும். வாத்தியார்கள் யாரும் கிட்டே போகவில்லை. தொட்டுக் கெட்டுப்போனால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று பயம். கடைசியில் கரஸ்பாண்டன்ட், "இதுலயும் டைப் அடிக்கிற கட்டைதானே இருக்கு?" என்று சொல்லி ரூம் சாவியை அருள்மேரியிடம் கொடுத்தார்.

பையன் விட்டுப்போன ஷூ டப்பாவில் நிறைய ஃப்ளாப்பிகள் இருந்தன. பெரும்பாலும் சுடுகிற விளையாட்டு. ஒன்று மட்டும் வேறு மாதிரி. அதைப் போட்டால் முதலில் இங்கிலீஷில் ஒரு அறிவிப்பு வந்தது. இது மலை, ஏரி, வானம் எல்லாம் வரைகிற புரோகிராம், எழுதினவன் இலவசமாகத் தருகிறான், யாரும் காப்பி எடுத்துச் சிநேகிதர்களுக்குக் கொடுக்கலாம், விற்கத்தான் கூடாது என்று போட்டிருந்தது. அருள்மேரி அதைக் கரஸ்பாண்டன்டிடம் வாசித்துக் காட்டினாள்.

"ஓசியிலயா?" என்றார் அவர். "ஏம்மா, ஓசியில ஒருத்தன் ஒண்ணக் குடுக்கான்னா அதுல ஏதோ கோளாறு இருக்கும். பாத்துப் பண்ணு."

அதில் கோளாறு ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டியிருந்தது. அது முதலில் ஒரு நம்பர் கேட்கும். ஏதோ ஒரு நம்பரைக் கொடுத்தால் அந்த நம்பருக்கென்று ஒரு நிலம் உண்டாகும். நம்பர் மாறினால் நிலமும் வேறு. அதே நம்பரைப் போட்டால் அதே நிலம் திரும்ப வரும். அப்புறம் தண்ணீர் எதுவரைக்கும், பனி எதுவரைக்கும், வெயில் எந்தப் பக்கம், நீ எங்கே நின்று பார்க்கிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். எல்லாம் சொன்ன பிறகு தூரத்திலிருந்து கிட்டத்துக்குக் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வரும். காலை மணி அடிக்கும்போது ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு மலை வரும், நடுவில் கரண்ட் போகாமலிருந்தால். ஆடிக் காற்றில் யூகலிப்டஸ் கொப்பு ஒன்று கம்பியில் விழுந்தால் போதும், பாதி மலை காணாமல் போய்விடும்.

அவள் பிறந்த வருஷத்தைப் போட்டாள், குட்டை வந்தது. தம்பியின் டாக்ஸி நம்பரைப் போட்டாள், குண்டும் குழியுமாக வந்தது. சம்பளத்தைப் போட்டாள், தரைமட்டமாக ஒன்றுமே இல்லாமல் வந்தது. ஒருநாள் அந்த பஸ் அவள்மேல் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. அன்றைக்குச் சேலையைக் கூட அலசாமல் நேரே ரூமுக்குப் போய், ஆத்திரத்தில் அந்த பஸ் நம்பரைத் தட்டினாள். மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள். ஒரு பெரிய மலை, இடது தோள் சரிந்து, நடுவில் பள்ளத்தாக்கு, அடியில் ஒரு துண்டு ஏரி. சாப்பாட்டு மணி அடித்ததுகூடக் காதில் விழவில்லை, அது எனக்கு அடிக்கடி நடப்பதில்லை.

ஆனால் அவளுக்குத் திருப்தியில்லை. பச்சை கிளிப்பச்சையாக இருந்தது, முனை குத்துகிற மாதிரி இருந்தது. எப்படி இருக்க வேண்டும் என்று பார்ப்பதற்காக மத்தியானத்தில் காம்பவுண்டுச் சுவர் ஓரம் போய் நிற்க ஆரம்பித்தாள். எங்கள் ஊர் மலையை, அதுவும் நிஜ மலையை, அவள் நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. திரும்பி வந்து ஏதோ கண்டுபிடித்தவள்போலச் சொன்னாள்.

"லீலாக்கா, தூரத்து மலை பச்சையே இல்ல. ஊதாவும் வெள்ளையும் கலந்து கெடக்கு. இத்தன வருஷமா இங்கதான இருக்கோம், கண்ண எங்க வச்சிருந்தோம்?"

புரோகிராமில் தூரத்தை வெளுக்க வைக்க ஒரு இடம் இருந்தது. அதைக் கூட்டினாள், குறைத்தாள், மறுபடி சுவர் ஓரம் போனாள். மாதக்கணக்கில் இதே சோலி. டைப் வேலையை வெள்ளனே வந்து முடித்துவிடுவாள். தண்ணீர்த் தொட்டியைத் திட்டுவது நின்றுபோனது. அவள் சந்தோஷமாக இருந்தாள், அதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது. கடைசியில் ஒருநாள் வந்த படத்தைப் பார்த்தால், ஜன்னல் வழியே பார்க்கிற மாதிரியே இருந்தது. எங்கள் ஜன்னலைச் சொல்லவில்லை, நல்ல ஜன்னலை.

அதைக் காகிதத்தில் எடுக்க எங்களிடம் வழியில்லை. பஜாரில் ஸ்டுடியோ வைத்திருந்த ஞானவேலைக் கூப்பிட்டோம். ஜன்னலையெல்லாம் ஹாஸ்டல் கம்பளியால் மூடி இருட்டாக்கி, காமிராவை முக்காலியில் வைத்து, ஷட்டரை மெதுவாகத் திறந்து எடுத்தான். வெரசாகத் திறந்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை விழுமாம். பிரிண்ட் அருமையாக வந்தது. கம்ப்யூட்டரின் கண்ணாடி கொஞ்சம் உப்பலாக இருந்ததால் அடிவானம் லேசாக வளைந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஞானவேலுக்குத்தான் கரஸ்பாண்டன்ட் எண்பத்தொன்பதாம் வருஷத்துக் கேலண்டருக்குக் காட்சிப் படம் எடுக்கும் வேலையையும் கொடுத்திருந்தார். அக்டோபர் முழுக்க மஞ்சு. ஞானவேல் இரண்டு நாள் போய்ப் பார்த்தான், மூன்றாம் நாள் குளிருக்குப் பயந்து ஸ்டுடியோவிலேயே படுத்துக்கொண்டான். சிவகாசிக்கு அனுப்ப வேண்டிய கெடு வந்ததும், கையில் இருந்த அருள்மேரியின் மலையை உறையில் போட்டு அனுப்பிவிட்டான். கேலண்டர் வந்தது. மேலே மிஸ்டி பைன்ஸ், நடுவில் மலை, கீழே 'கொடைக்கானல் பள்ளத்தாக்குக் காட்சி. படம்: ஞானவேல் ஸ்டுடியோ'.

அருள்மேரி கேலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நேரே ஸ்டுடியோவுக்குப் போனாள். நானும் கூடப் போனேன், சண்டை எனக்குப் பிடிக்கும்.

"ஏலே ஞானவேலு, இது ஓன் படமா?"

"ஷட்டர அமுக்குனது யாருக்கா? நாந்தான?" என்றான் அவன். "அப்ப யாரு படம்?"

"மலை யாரோடதுலே?"

"மலைய யாராச்சும் செய்ய முடியுமாக்கா? என்னக்கா நீ" என்று எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். டீ குடித்துவிட்ட பிறகு சண்டையைத் தொடர முடியவில்லை.

கேலண்டர் பெற்றோர்களுக்குப் போனது, லாட்ஜ்களுக்குப் போனது, மதுரை வரைக்கும் போனது. ஏப்ரலில் சீசன் தொடங்கியதும் வந்தவர்கள் டாக்ஸி ஸ்டாண்டில் கேலண்டரைக் காட்டி, இந்த இடத்துக்குப் போக வேண்டும் என்றார்கள். எங்கள் ஊர் டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். தெரியாது என்றால் சவாரி அடுத்த வண்டிக்குப் போய்விடும். ஒருவர் அது கேரளாவை ஒட்டிய கிளாவரைப் பக்கம் என்றார். இன்னொருவர் மரம் நடுவதற்கு முன்னால் வட்டக்கானலிலிருந்தே தெரியும் என்றார். சின்ன வயதில் அங்கே மாடு மேய்த்ததாகவே ஒருவர் சொன்னார். அவர் வீட்டில் மாடே இருந்ததில்லை.

எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவன் நம் உபகாரம். வட்டக்கானலுக்கு மேலே ஒரு வளைவைத் தேர்ந்தெடுத்து, 'கேலண்டர் வியூ' என்று பெயரும் வைத்துவிட்டான். அங்கே காலையில் யாரையும் கூட்டிப் போக மாட்டான். மத்தியானம் ஆகி, மஞ்சு ஏறிவந்து எல்லாவற்றையும் மூடிய பிறகுதான் போவான். வந்தவர்கள் வெள்ளையாகத் தெரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "இதோ நேரா இருக்குங்க. ஒரு நிமிஷம் முந்தி வந்திருந்தீங்கன்னா முழுசாத் தெரிஞ்சிருக்கும்" என்பான். அவர்களும் நம்பி, அந்த வெள்ளைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். சில பேர் கொஞ்சம் தெரிந்தது என்றுகூடச் சொன்னார்கள்.

அருள்மேரி வீட்டில் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"அது நான் போட்ட மலைடா. மெஷினுக்குள்ள இருக்கு. வட்டக்கானல்ல எப்படிடா வரும்?"

"தெரியும்க்கா. மெதுவாப் பேசு" என்றான் உபகாரம். "சீசன் முடியட்டும்."

ஜூன் மாதம் கரஸ்பாண்டன்ட் குல்லாயோடு வந்து, கம்ப்யூட்டரைப் பழனிக்கு எடுத்துப் போகப் போவதாகச் சொன்னார். பஞ்சாமிர்தக் கடையில் பில் போடத்தான். "இங்க சும்மாத்தான கெடக்கு? பொம்பளப்பிள்ள படம் பாக்குறதுக்கா அமெரிக்காக்காரன் குடுத்தான்?"

அன்று சாயங்காலம் அருள்மேரி ரூமில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த மெஷினுக்கு நைலான் சேலையைக் கிழித்து அவளே ஒரு உறை தைத்திருந்தாள். அதை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"இது போயிருச்சுன்னா நான் பழையபடி தண்ணித் தொட்டியப் பாத்துக்கிட்டு உக்காரணும் லீலாக்கா" என்றாள். அழமாட்டாள் என்று நான் நினைத்திருந்த ஆள் அவள். அழுதாள். போர்டிங் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல மூக்கைச் சிந்து என்றேன்.

மூக்கைச் சிந்திவிட்டு ஒரு முடிவுக்கு வந்தாள். கேலண்டரில் இருக்கிற மலை இந்த மெஷினில் செய்தது என்று கரஸ்பாண்டன்டுக்கு நிரூபித்துவிட்டால், இதன் அருமை தெரிந்து இங்கேயே விட்டுவிடுவார். எவனும் போட்டோ என்று சாதிக்க முடியாதபடி அதே மலையை மூன்று விதமாகப் போட்டு ஃப்ளாப்பியில் சேர்த்து வைத்தாள். அடுத்த சனிக்கிழமை கரஸ்பாண்டன்ட் வந்தார். போட்டோ எடுத்தவன் என்று ஞானவேலையும், தினமும் அந்த இடத்துக்குப் போகிறவன் என்று உபகாரத்தையும் அவரே கூப்பிட்டு வைத்துக்கொண்டார். வியாபாரி இல்லையா, சாட்சி இல்லாமல் எதையும் பார்க்க மாட்டார்.

முதலில் கேலண்டர் மலையைத் திரையில் கொண்டுவந்தாள்.

"அதே மலைதான்" என்றார் கரஸ்பாண்டன்ட்.

"நான் எடுத்த போட்டோவ உள்ள போட்டிருக்கு சார்" என்றான் ஞானவேல்.

அருள்மேரி அவனைத் திரும்பியும் பார்க்காமல் அடுத்த படத்தைத் தட்டினாள். அதே மலை, உச்சியிலிருந்து அடிவாரம் வரை பனிக்கட்டி. இமயமலைதான். "ஏன்யா, இந்த ஊர்ல இப்படிப் பனிக்கட்டி பாத்திருக்கியா? இதயும் நீதான் எடுத்தியா?" என்று ஞானவேலைக் கேட்டார் கரஸ்பாண்டன்ட்.

ஞானவேல் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "ஜனவரில பனி உறையும்ல சார். விடியக்காலம் பாத்தா புல்லெல்லாம் வெள்ளையாக் கெடக்கும்."

கரஸ்பாண்டன்ட் உபகாரத்தைப் பார்த்தார். உபகாரம் அக்காவைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "இந்த வருஷம் கொஞ்சம் ஜாஸ்திதானுங்க" என்றான். அவனை அங்கேயே ஒரு அறை விடலாம் என்று எனக்கு இருந்தது.

அடுத்த படத்தில் தண்ணீர். மலையின் இடுப்பு வரைக்கும் ஏரி, பள்ளத்தாக்கையே காணோம். இதற்கு யார் என்ன சொல்வார்கள் என்று நான் ஞானவேலின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் பேசியது கரஸ்பாண்டன்ட்.

"எழுபத்தேழுல பெஞ்ச மழை" என்றார். "இப்படித்தான் நின்னுச்சு. நானே பாத்தேன்."

அருள்மேரி விடவில்லை. கடைசிப் படம் ஒன்று இருந்தது. மலையின் முன்பக்கத்திலிருந்து இல்லாமல் பின்பக்கத்தில் போய் நின்று பார்க்கிற மாதிரி போட்டிருந்தாள். புரோகிராம் உண்டாக்கும் நிலம் ஒரு அளவுக்குத்தான் இருக்கும். அதன் ஓரத்தில், அல்வாவைக் கத்தி வைத்து வெட்டினாற்போல, நிலம் நேர்கோட்டில் நின்றுபோகிறது. அதற்கு அப்பால் மண் இல்லை, மரம் இல்லை, வானம்கூட இல்லை. வெறும் கறுப்பு.

"பாருங்கய்யா" என்றாள். "இங்க மலை முடிஞ்சிருது. அங்கிட்டு ஒண்ணுமே இல்ல. எந்த ஊர்லயாச்சும் பூமி இப்படி முடியுமா? இது நான் செஞ்சதுங்கய்யா. நான் நம்பர் போட்டு, நான் உண்டாக்குனது."

கரஸ்பாண்டன்ட் குல்லாயைக் கழற்றினார். கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். ஜெயித்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"கேரளா பார்டர் சார்" என்றான் ஞானவேல்.

"அதானே" என்றார் கரஸ்பாண்டன்ட்.

இரண்டு பேரும் உபகாரத்தைப் பார்த்தார்கள். "கிளாவரை தாண்டுனா அப்படித்தானுங்க இருக்கும்" என்றான் அவன், யாருக்கும் கேட்காத குரலில்.

அதைவிட மோசம் அப்புறம் நடந்தது. கரஸ்பாண்டன்டுக்கு மெஷினைப் பிடித்துப்போய்விட்டது. பனிக்காலத்தில் எப்படி, வெள்ளத்தில் எப்படி, பார்டர் பக்கம் எப்படி என்று உட்கார்ந்த இடத்திலேயே மலையைக் காட்டுகிற இவ்வளவு பெரிய சாமானைப் பில் போட வைப்பதா? கடை வாசலில் வைத்துவிட்டால், சாமி கும்பிட்டு இறங்கி வருகிற கூட்டம் கொடைக்கானலையும் அங்கேயே பார்த்துவிட்டு, பஞ்சாமிர்தமும் வாங்கிப் போகும். "ஏம்மா, இம்புட்டு அருமையான மெஷினுன்னு முன்னமே சொல்லக் கூடாதா?" என்று அவளைக் கடிந்துகொண்டார். மறுநாளே வேன் வந்தது. ஓட்டுகிற விதத்தை அருள்மேரி கடைக் கணக்குப்பிள்ளை இராமலிங்கத்துக்குச் சொல்லிக் கொடுத்தாள். நம்பர் கேட்டால் என்ன போட என்று அவர் கேட்டதற்கு, "ஒங்களுக்குத் தோணுறதப் போடுங்க" என்றாள். அது பொய் இல்லை. படங்களைச் சேர்த்து வைத்த ஃப்ளாப்பியை மட்டும் யாரும் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை.

அதன் பிறகு அவள் என்னிடம்கூட அதிகம் பேசவில்லை. டைப் அடிப்பாள், தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பாள். உபகாரம் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தி, "அக்கா, ஏறிக்கோ, வீட்டுல விடுறேன்" என்பான். அவனைத் தாண்டி நடந்துபோய், நிற்காத பஸ்ஸுக்காகக் காத்து நிற்பாள். உள்ளதைச் சொன்னால் நம்புவார்கள் என்று அவள் நினைத்தாளே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஊரே பொய் சொல்லிப் பிழைக்கிறது, இவள் ஒருத்தி உண்மையைச் சொல்லி மெஷினைத் தொலைத்தாள். ஞானவேலின் ஸ்டுடியோப் பக்கம் போகும்போதெல்லாம் நான் காறித் துப்பிவிட்டுத்தான் போனேன். அவன் அதை ஜலதோஷம் என்று நினைத்து மருந்து சொன்னான்.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் பழனியிலிருந்து ட்ரங்க் கால். அருள்மேரிதான் எடுத்தாள். கரஸ்பாண்டன்ட் போட்ட சத்தம் பக்கத்து மேசையில் இருந்த எனக்கே தெளிவாகக் கேட்டது.

மெஷினில் மலை வரவில்லையாம். இராமலிங்கம் கடையின் டெலிபோன் நம்பரைப் போட்டிருக்கிறார், ஒரே கடலாக வந்திருக்கிறது. கார் நம்பரைப் போட்டால் ஒரு பள்ளம். கோயில் படிக்கட்டை எண்ணிக்கொண்டு வந்து அதைப் போட்டால் மறுபடியும் கடல், நடுவில் ஒரு மணல் திட்டு. கூட்டம் கூடியது உண்மைதான். ஆனால் பார்த்தவர்கள் இது திருச்செந்தூரா, ராமேஸ்வரமா என்று கேட்டு, அங்கே போக பஸ் எங்கே நிற்கும் என்று விசாரித்துவிட்டுப் பஞ்சாமிர்தம் வாங்காமலே போய்விட்டார்கள். போதாக்குறைக்குப் பஞ்சாமிர்தத்துக்கு வந்த எறும்பெல்லாம் ஃப்ளாப்பி போடுகிற ஓட்டைக்குள் குடிபோய்விட்டன.

"என்னம்மா பண்ணுன? இங்க மலையே வரலையே! அங்க வந்துச்சுல்ல? என் கண்ணால பாத்தேன்ல?"

அருள்மேரி வாயைத் திறந்தாள். பஸ் நம்பர் அவள் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. அதை மட்டும் சொல்லியிருந்தால் அடுத்த நிமிஷம் பழனியில் மலை முளைத்திருக்கும், மெஷினும் அங்கேயே வேர் விட்டிருக்கும். அவள் ஜன்னல் வழியே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள். அப்புறம் குரலைத் தழைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்.

"அது கேரளா பார்டர்ப் பக்கம் இருக்குற மலைங்கய்யா. பழனியிலேர்ந்து எப்படித் தெரியும்?"

அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

"அதானே" என்றார் கரஸ்பாண்டன்ட். பிறகு, "இத முன்னாடியே சொல்ல வேணாமா? சரி, ஆள அனுப்பி எடுத்துக்கிட்டுப் போ. தெரியிற எடத்துல வச்சுக்க" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் உபகாரத்தின் வண்டியில்தான் பழனிக்கு இறங்கினோம். கடை வாசலில் கம்ப்யூட்டரைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தான். "அன்னிக்கு நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்க்கா" என்றான். அருள்மேரி, "எறும்பத் தட்டு" என்றாள். அக்காள் தம்பி சமாதானம் அதோடு முடிந்தது.

நைலான் உறை போட்ட மெஷினை ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் நானும் பிடித்துக்கொண்டு மலை ஏறினோம். பாதிவழியில் ஒரு வளைவில் உபகாரம் வண்டியை நிறுத்தினான். மழை பெய்து ஓய்ந்திருந்தது. துளி மஞ்சு இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக எத்தனையோ மலைகள், கடைசி மலைவரைக்கும் பளிச்சென்று, ஒவ்வொரு மரமும் தெரிகிற மாதிரி கிடந்தன. அப்படி ஒரு வியூவை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "டிக்கெட் இல்லாமப் பாத்துக்கோங்க" என்றான் உபகாரம்.

அருள்மேரி மெஷினை விடாமல் பிடித்துக்கொண்டே கழுத்தை நீட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "தூரத்துல உள்ளத இன்னும் கொஞ்சம் வெளுப்பா வச்சிருக்கலாம். பாத்தா யாரும் நம்ப மாட்டாங்க."